பழைய காலத்து சத்தம் வர்ற கைவேலை அக்கூஸ்டிக் கிட்டார் பாத்து வாங்குறது எப்படி: முழு வழிகாட்டி

எங்க அம்மா சந்தையில மண்பானை வாங்குறப்ப கூட நின்னு பாத்திருக்கேன். கையில தூக்கி ஒரு தரம் கனம் பாப்பாங்க, அப்புறம் விரலை மடக்கி பக்கவாட்டுல சுண்டுவாங்க, கணீர்னு வந்தா கூடையில போகும், பொத்துன்னு வந்தா பேசாம கீழ வெச்சுட்டு அடுத்ததை எடுப்பாங்க. கடைக்காரர் என்ன சொல்றார்னு காதுலயே போட்டுக்க மாட்டாங்க. கிட்டார் வாங்குறதுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. ஆனா அது எனக்குப் புரியறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா ஏமாந்தேன். ஒரு கடையில வின்டேஜ்னு சொல்லி ஒண்ணு காட்டினாங்க, ஓரமெல்லாம் கருத்து நடுவுல தேன் கலர்ல சன்பர்ஸ்ட், பாத்த உடனே மனசு போயிடுச்சு, வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து வாசிச்சா சத்தம் பெட்டியை விட்டு வெளியவே வரல. மேல பூசியிருந்த பாலி கோட்டிங், அதான் பிளாஸ்டிக் மாதிரி பூச்சு, அவ்ளோ தடி, பலகை அசைய வழியே இல்ல.

அதனால முதல்லயே சொல்லிடறேன், மேல்பலகையை, நம்ம டாப்னு சொல்றோமே, அதை எவ்ளோ லேசா கட்டியிருக்காங்கங்கறதுலதான் முக்கால்வாசி விஷயம் இருக்கு. பேர், கலர், மரத்தோட விலை எல்லாம் அதுக்கு அப்புறம்.

முதல்ல எந்த "பழைய சத்தம்"னு முடிவு பண்ணுங்க

எல்லாரும் வின்டேஜ் டோன்னு ஒரே வார்த்தையில சொல்லிடறாங்க, ஆனா அதுக்குள்ள குறைஞ்சது மூணு சத்தம் இருக்கு. ஒண்ணு, அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல நாசரேத்ங்கற ஊர்ல இருக்குற மார்ட்டின் கம்பெனி 1930கள்ல செஞ்ச டிரெட்நாட்ங்கற பெரிய உடம்பு கிட்டாரோட சத்தம். பேஸ் ஆழமா, ஒவ்வொரு நோட்டும் மணி மாதிரி, எவ்ளோ பலமா அடிச்சாலும் நசுங்காம வரும், புளூகிராஸ்ங்கற அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிக்கிறவங்க உசுரா நினைக்கிறது இதைத்தான். ரெண்டாவது, மிச்சிகன்ல கலமஸூ ஊர்ல கிப்ஸன் செஞ்சதோட சத்தம், எல்-00, ஜே-35, 1942ல வந்த ஜே-45 இதெல்லாம். இதுல நோட்டு சட்டுனு எழும்பி சட்டுனு அடங்கும், கொஞ்சம் வறண்ட சத்தம், பாடுறவங்க குரலுக்கு அடியில அழகா உக்காரும். மூணாவது, அதே கலமஸூல 1930கள்ல மலிவு விலைக்குன்னு செஞ்ச லேடர் பிரேஸிங் கிட்டார், டாப்பைத் தாங்க ஏணிப்படி மாதிரி உள்ள குறுக்குக் குச்சி மட்டும் ஓடும், கரகரன்னு ஒரு பழைய புளூஸ் ரெக்கார்டு மாதிரி கேக்கும்.

இந்த மூணுல எது உங்க காதுல ஓடிட்டு இருக்குன்னு தெரியாம கடைக்குப் போனீங்கன்னா, கையில எடுக்குற எல்லாமே நல்லா இருக்குற மாதிரி தோணும், அப்புறம் வீட்டுக்கு வந்து ஆறு மாசத்துல வித்துடுவீங்க. நீங்க ரசிக்கிற பழைய ரெக்கார்டிங் ஒரு நாலஞ்சு எடுத்து, அதுல என்ன கிட்டார் வாசிச்சாங்கன்னு தேடிப் பாருங்க. புளூகிராஸ் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் ஒயிட்டோட 1935 டி-28, அதான் ஒரு மார்ட்டின் டிரெட்நாட், அதோட கதை தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்றது புரியும், சவுண்ட்ஹோலை, அதான் டாப்புல இருக்குற வட்ட ஓட்டையை, யாரோ சுரண்டி பெருசாக்கி வெச்சிருந்த கிட்டார் அது, பாக்க லட்சணமே கிடையாது, அப்புறம் அதே இசை வாசிச்ச டோனி ரைஸ் கைக்கு வந்து ஒரு தலைமுறையே அந்த சத்தத்தைத் தேடி அலைஞ்சுச்சு.

சைஸும் ஸ்கேலும்

டிரெட்நாட்டை மார்ட்டின் 1916ல ஆலிவர் டிட்ஸன்ங்கற கம்பெனிக்காக செஞ்சாங்க, தங்களோட பேர்லயே விக்க ஆரம்பிச்சது 1931ல. பிளாட்பிக், அதான் மீட்டுற வில்லை, வெச்சு பலமா வாசிக்கிறவங்களுக்கு இது சரி. விரலால வாசிக்கிறவங்க, வீட்டுக்குள்ள வாசிக்கிறவங்க, ஓஎம், இல்லன்னா 000ங்கற டிரெட்நாட்டைவிட சின்ன மார்ட்டின் அளவுகள் பக்கம் போங்க, 1929ல வந்த ஓஎம் அளவுதான் இன்னைக்கும் பாதி லூத்தியருங்களுக்கு, அதாவது கையால கிட்டார் செய்யுறவங்களுக்கு, அடிப்படை. ஓஎம்முக்கும் 000க்கும் உடம்பு ஒண்ணுதான், ஸ்கேல்தான், அதாவது ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்தான் வேற, ஓஎம் 25.4 இன்ச், 14 ஃப்ரெட் 000 பெரும்பாலும் 24.9 இன்ச். கிப்ஸன் ஸ்கேலும் 24.75னு சொல்ற குட்டை வகைதான். குட்டை ஸ்கேல்ல ஸ்ட்ரிங் டென்ஷன் குறையும், ஸ்ட்ரிங்கை விரலால தள்ளி சுரம் ஏத்துற பெண்டிங் சுலபம், சத்தம் கொஞ்சம் உருண்டையா வரும். நெட்டையில துல்லியமும் பலமும் கூடும்.

12 ஃப்ரெட்டா 14 ஃப்ரெட்டான்னு ஒரு கேள்வி வரும், ஃப்ரெட்னா நெக்குல குறுக்கே பதிச்ச கம்பி, எத்தனையாவது கம்பிகிட்ட நெக் உடம்போட சேருதுங்கறதுதான் இந்தக் கணக்கு. 12 ஃப்ரெட்ல நெக் உடம்போட சேர்ற இடம் கீழ இறங்கினதால ஸ்ட்ரிங்கை டாப்புல பிடிச்சிருக்குற பிரிட்ஜும் கீழ தள்ளி, டாப்போட அகலமான பகுதியில நடுவுல போய் உக்காருது, அதனால சின்ன கிட்டார்லகூட பெரிய சூடான சத்தம் வரும். மேல் ஃப்ரெட் அதிகம் தொடாதவங்க கண்டிப்பா ஒரு 12 ஃப்ரெட் மடியில வெச்சுப் பாருங்க, நான் பாத்தவரைக்கும் பாதிப் பேர் அதுலேர்ந்து திரும்பி வரல.

டாப்பும் பிரேஸிங்கும், இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

ஸ்டீல் ஸ்ட்ரிங் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்குது. அந்த இழுவையை மூணு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பலகை தாங்கணும், தாங்கிக்கிட்டே அசையவும் செய்யணும். தாங்குறதுக்கு தடியா கட்டினா சத்தம் செத்துடும், அசையறதுக்கு மெல்லிசா கட்டினா பலகை வயிறு தள்ளிடும். பழைய கிட்டாரோட ரகசியம்னு ஒண்ணு இருந்தா, 1930கள்ல இந்த ரெண்டுக்கும் நடுவுல அபாயமான ஓரத்துல நின்னு கட்டினாங்கங்கறதுதான்.

உள்ள எக்ஸ் மாதிரி குறுக்கா ஓடுற பிரேஸ், அதான் டாப்பைத் தாங்குற குச்சி, மார்ட்டின்கிட்ட 1840கள்லயே வந்துடுச்சு. அப்போ அது மெலிஞ்ச குடல் நரம்பு ஸ்ட்ரிங்குக்கு. ஸ்டீல் ஸ்ட்ரிங் வந்தப்புறமும் அந்த எக்ஸை சவுண்ட்ஹோல் பக்கத்துல, ஒரு இன்ச் தூரத்துல வெச்சிருந்தாங்க, அதனால கீழ டாப்புக்கு அசைய நிறைய இடம், பேஸ் ஆழமா வந்துச்சு. இதைத்தான் ஃபார்வர்ட் ஷிஃப்டட்னு சொல்றாங்க. 1930களோட கடைசியில எக்ஸைப் பின்னாடி தள்ளிட்டாங்க. இன்னொண்ணு ஸ்கேலப்டு பிரேஸ், குச்சியோட நடுவுல தோணி மாதிரி சீவி எடுத்து ரெண்டு பக்கமும் மேடா விட்டிருப்பாங்க. 1944 கடைசியில இதையும் நிறுத்திட்டாங்க, ஏன்னா ஆளுங்க கனமான ஸ்ட்ரிங் போட்டு டாப் வளைஞ்சு கிட்டாரெல்லாம் ரிப்பேருக்குத் திரும்பி வந்துச்சு. ரிப்பேர் கணக்கு பாத்து கம்பெனி எடுத்த முடிவுதான் அது, அதனாலதான் அதுக்கு முந்தின கிட்டாரை இன்னைக்கு ஆயிரக்கணக்கான டாலர் குடுத்து தேடறாங்க.

அதனால லூத்தியர்கிட்டயோ கடையிலயோ நீங்க கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: எக்ஸ் எங்க இருக்கு, பிரேஸ் ஸ்கேலப்டா, டாப்பும் பிரேஸும் என்ன மரம், ஒவ்வொரு டாப்பையும் தட்டிப் பாத்து தனித்தனியா சீவுறீங்களா இல்ல எல்லாத்துக்கும் ஒரே அளவா? கடைசிக் கேள்விக்கு ஒருத்தர் கண்ணு விரிஞ்சு பேச ஆரம்பிச்சாருன்னா சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க. மரம்னு வந்தா ஒரே பலகையை அறுத்து ரெண்டா வெட்டினாலும் ரெண்டும் ஒரே விறைப்புல இருக்காது, அதனால ஒரே அளவுக்கு மெஷின்ல இழைச்சா ஒண்ணு சரியா வரும் இன்னொண்ணு மொத்தையா போகும். நெக்கை சிஎன்சின்னு சொல்ற கம்ப்யூட்டர் ஓட்டுற மெஷின்ல வெட்டினா எனக்கு எந்த வருத்தமும் இல்ல, டாப்பையும் பிரேஸையும் மட்டும் ஒரு மனுஷன் கையில வெச்சு வளைச்சு, தட்டி, காதுகிட்ட கொண்டுபோய் கேட்டு சீவியிருக்கணும். கைவேலைக்கு நீங்க குடுக்குற காசு இதுக்குத்தான்.

டாப் மரத்துல, ரெண்டாம் உலகப் போருக்கு முந்தின மார்ட்டினும் கிப்ஸனும் பயன்படுத்தினது அடிராண்டாக் ரெட் ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரம். எடை குறைவு, விறைப்பு ஜாஸ்தி, பலமா அடிக்க அடிக்க இன்னும் குடுக்கும். நல்ல பெரிய மரம் கிடைக்காம போனதால 1940களோட நடுவுலேர்ந்து சிட்கா ஸ்ப்ரூஸுக்கு மாறினாங்க. சிட்கா மோசம்னு அர்த்தம் இல்ல, நல்ல கையில சிட்காவும் பேசும். மெதுவா விரலால வாசிக்கிறவங்களுக்கு புது அடிராண்டாக் முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் இறுக்கமா இருக்குற மாதிரி தோணலாம், பொறுமை வேணும். பொறுமை இல்லாதவங்களுக்கு டாரிஃபைட் டாப் இருக்கு, ஆக்ஸிஜன் குறைஞ்ச சூளையில வெச்சு மரத்தை சூடு பண்ணி அதுல இருக்குற ஈரமும் பிசினும் வெளியேற்றிடறாங்க, பழைய மரம் மாதிரி பழுப்பாகி லேசாகிடும். நல்லாவே வேலை செய்யுது, ஆனா மரம் கொஞ்சம் நொறுங்குற தன்மைக்கு வந்துடும், அடிபட்டா சட்டுனு சில்லு பேரும்.

சாலிட் மரமா பிளைவுட்டான்னு சந்தேகம் வந்தா சவுண்ட்ஹோல் ஓரத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க, மேல தெரியுற கோடு அப்படியே ஓரத்துல இறங்கி உள்ள போகணும், நடுவுல சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிஞ்சா கீழ வெச்சுடுங்க.

பின்பலகை: நம்ம ஊர் ஈட்டி மரத்தைக் குறைச்சு நினைக்காதீங்க

பழைய டி-28ன்னா பிரேசிலியன் ரோஸ்வுட், அதைச் சுத்தி ஒரு பக்தியே இருக்கு. 1969ல மார்ட்டின் அதை விட்டுட்டு இந்தியன் ரோஸ்வுட்டுக்கு மாறினாங்க. அந்த இந்தியன் ரோஸ்வுட் வேற எதுவும் இல்ல, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில நீலகிரி, வயநாடு பக்கம் வளர்ற ஈட்டிதான், தோதகத்தின்னும் சொல்லுவோம். நம்ம காட்டு மரம் உலகத்துல இருக்குற பாதி நல்ல கிட்டாரோட முதுகுல இருக்குன்னு நினைக்கிறப்ப எனக்கு இன்னும் சிலிர்க்குது.

பிரேசிலியன் மேல ஆசை இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 1992லேர்ந்து அது சைட்டிஸ்ங்கற, அழிஞ்சுவர்ற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தத்துல முதல் பட்டியல்ல இருக்கு, பேப்பர் இல்லாம நாடு தாண்டினா கஸ்டம்ஸ்ல பிடிச்சுப்பாங்க. நான் செலவு பண்ண சொல்ல மாட்டேன், அந்தக் காசை நல்ல டாப்புல போடுங்க. மத்த ரோஸ்வுட் எல்லாத்தையும் 2017ல ரெண்டாவது பட்டியல்ல சேர்த்தாங்க, 2019ல செஞ்சு முடிச்ச இசைக்கருவிக்கு விலக்கு குடுத்துட்டாங்க. மஹோகனி பின்பலகைன்னா சத்தம் நேரா, வறண்டு, ஒண்ணோட ஒண்ணு குழம்பாம வரும், கிப்ஸன் சத்தம் தேடறவங்களும் பாடிக்கிட்டே வாசிக்கிறவங்களும் யோசிக்காம இதை எடுக்கலாம், விலையும் குறையும்.

பசை, பாலிஷ், எலும்பு

பழைய கிட்டார்ல தோல் பசை, அதான் ஹைட் குளூ போட்டிருப்பாங்க. காய்ஞ்சா கண்ணாடி மாதிரி கெட்டியாகும், நாளைக்கு ரிப்பேர்னா சூடும் ஈரமும் குடுத்துப் பிரிக்கலாம். எல்லா இணைப்புலயும் இது இருக்கணும்னு அடம்பிடிக்க வேணாம், டாப் பிரேஸும் பிரிட்ஜும் ஹைட் குளூன்னா எனக்குப் போதும். பாலிஷ்ல மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், இல்லன்னா ஷெல்லாக் வெச்சு கையால தேய்ச்ச ஃபிரெஞ்ச் பாலிஷ். விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா மரத்தோட ரேகை லேசா மேடு பள்ளமா தெரியணும், கண்ணாடி ஊத்தின மாதிரி தடியா பளபளத்தா அதுக்குள்ளதான் நான் ஏமாந்த கதை இருக்கு. ஸ்ட்ரிங் நெக்கோட தலைப்பக்கம் உக்காருற நட்டும், பிரிட்ஜ் மேல உக்காருற சாடிலும் எலும்பா இருக்கட்டும், நட் அகலம் விரலால வாசிக்கிறவங்களுக்கு 44.5 மில்லிமீட்டர், கார்டு பிடிச்சு ஸ்ட்ரம் பண்றவங்களுக்கு 43 போதும்.

யாருகிட்ட வாங்குறது

டெக்ஸாஸ்ல ஆஸ்டின்ல காலிங்ஸ், கலிஃபோர்னியாவுல 1976ல ஆரம்பிச்ச சான்டா குரூஸ், மெய்ன் மாநிலத்துல டேனா பூர்ஷ்வா, வெர்ஜினியாவுல ஹஸ் அண்ட் டால்டன், இவங்கெல்லாம் சின்னப் பட்டறை அளவுல இந்தப் பழைய வழியில செய்யுறவங்க. லேடர் பிரேஸிங் சத்தம் வேணும்னா காலிங்ஸோட வாட்டர்லூ வரிசையைப் பாருங்க, டபிள்யூஎல்-14 மாடலை லேடர்லயும் எக்ஸ்லயும் செஞ்சாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து வாசிச்சா பிரேஸிங்னா என்னன்னு பத்து நிமிஷத்துல புரிஞ்சுடும். மார்ட்டினே ஆத்தென்டிக்னு ஒரு வரிசை செய்யுறாங்க, பழைய கிட்டாரை அளந்து அப்படியே திரும்பக் கட்டுறது. தனி ஆளா செய்யுற லூத்தியர்னா காத்திருக்கணும், வெர்ஜினியாவுல ரக்பிங்கற சின்ன ஊர்ல இருக்குற வெயின் ஹென்டர்ஸன்கிட்ட பேர்போன கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனே வருஷக்கணக்கா காத்திருந்துதான் வாங்கினாரு.

தனி லூத்தியர்கிட்ட ஆர்டர் குடுக்குறப்ப அளவு, மரம், மேல பதிக்கிற அலங்காரமான இன்லே எல்லாம் பட்டியல் போட்டு அனுப்பாதீங்க. நீங்க வாசிக்கிறதை ரெண்டு நிமிஷம் ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க, விரலா பிக்கா, நகம் வெச்சிருக்கீங்களா, எந்த கேஜ், அதாவது எவ்ளோ தடி ஸ்ட்ரிங், எந்த ஊர்ல வாசிக்கப் போறீங்க, இதை சொல்லுங்க. நல்ல கைக்கு அது போதும். வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா கஸ்டம்ஸ் வரியையும் முதல்லயே கணக்குல சேருங்க, அது கடைசியில பாக்குற சில்லறை இல்ல.

கையில எடுத்து கேக்குறது

முதல்ல ஸ்ட்ரிங்கைத் தொடாதீங்க. தூக்கிப் பாருங்க, நல்லா கட்டின டிரெட்நாட் ரெண்டு கிலோ பக்கம்தான் இருக்கும், சின்ன எல்-00 மாதிரின்னா ஒண்ணரை கிலோ. உள்ள பிக்கப், பேட்டரின்னு இருந்தா கொஞ்சம் கூடும், அது இல்லாமலே கனமா இருந்தா சந்தேகப்படுங்க. அப்புறம் ஸ்ட்ரிங்கை ஒரு கையால அமுக்கிட்டு, பிரிட்ஜுக்குப் பின்னாடி கட்டைவிரல் சதையால லேசா தட்டுங்க. டும்னு ஒரு சத்தம் எழும்பி ஒரு நொடி நிக்கணும், ட்டப்னு நின்னா அம்மா கீழ வெச்ச பானைதான் அது. தட்டுறப்ப உள்ள ஜிர்ருன்னு கேட்டா பிரேஸ் எதோ விட்டிருக்கு.

இப்ப வாசிங்க. தெரிஞ்ச பாட்டெல்லாம் வேணாம், கை வித்தையில காது ஏமாந்துடும். ஆறாவது ஸ்ட்ரிங்கை திறந்து ஒரே ஒரு தடவை மீட்டிட்டு அது சாகுற வரைக்கும் கேளுங்க. அப்புறம் முதல் ரெண்டு ஸ்ட்ரிங்ல 7வது ஃப்ரெட்லேர்ந்து 12வது வரைக்கும் ஒவ்வொரு நோட்டா போங்க, சாதாரண கிட்டார்ல இங்க நோட்டு கம்பி மாதிரி மெலிஞ்சுடும், நல்ல பழைய சத்தம்னா இங்கயும் சதை இருக்கும். எனக்கு இந்த ஒரு சோதனைதான் எல்லாத்தையும்விட பெருசு. அடுத்து ஒரு கார்டை ரொம்ப மெதுவா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பலமா, கடைசியில கை வலிக்கிற அளவுக்கு அடிங்க, எந்த இடத்துல சத்தம் கூடாம வெறும் இரைச்சல் ஆகுதோ அதுதான் அந்த டாப்போட எல்லை. கூட வந்தவரை வாசிக்கச் சொல்லி ஆறடி தள்ளி நின்னும் கேளுங்க, மடியில கேக்குறதும் எதிர்ல கேக்குறதும் வேற வேற.

ஸ்ட்ரிங் எத்தனை நாள் பழசுன்னு கேட்டுக்கோங்க. புது ஸ்ட்ரிங்கோட பளபளப்புல மட்டமான கிட்டாரும் தப்பிச்சுடும், செத்த ஸ்ட்ரிங்ல நல்லதும் மாட்டிக்கும்.

நெஜமான பழசு வாங்குறதா இருந்தா

நாப்பது அம்பது வருஷம் ஆன கிட்டார்ல முதல்ல பாக்க வேண்டியது நெக் கோணம். நீளமான அடிக்கோலை ஃப்ரெட் மேல படுக்க வெச்சு தள்ளினா அது பிரிட்ஜோட மேல்விளிம்புல போய் உக்காரணும், அதுக்குக் கீழ முட்டினா நெக் ரீசெட், அதாவது நெக்கைக் கழட்டி கோணம் திருத்தி மறுபடி மாட்டுறது, பண்ணணும், அது பெரிய செலவு, விலையில கழிங்க. சாடில் பிரிட்ஜுக்கு மேல மூணு மில்லிமீட்டராவது நீட்டிக்கிட்டு இருக்கணும். 12வது ஃப்ரெட்ல ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம்) ஆறாவது ஸ்ட்ரிங்குக்கு 2.4, முதல் ஸ்ட்ரிங்குக்கு 1.6 மில்லிமீட்டர் பக்கம் இருந்தா சுகம். 1985க்கு முந்தின மார்ட்டின்ல நெக்குக்குள்ள ஓடுற, திருப்பி சரிபண்ற டிரஸ் ராட் கம்பி கிடையாது, நெக் வளைஞ்சிருந்தா சாவி போட்டு நிமிர்த்த முடியாது.

பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு பேப்பரை சொருகிப் பாருங்க, உள்ள போச்சுன்னா பசை விட்டிருக்கு. சின்னக் கண்ணாடியை சவுண்ட்ஹோல் வழியா விட்டு, பிரிட்ஜுக்கு நேர் அடியில உள்ள ஒட்டியிருக்குற பிரிட்ஜ் பிளேட்டைப் பாருங்க, ஸ்ட்ரிங் குண்டு அதைத் தின்னு ஓட்டை பெருசாயிருக்கான்னு. வெடிப்பு இருந்தா பயந்துடாதீங்க, உள்ள சின்ன மரத்துண்டு வெச்சு ஒழுங்கா ஒட்டின வெடிப்பு சத்தத்தைக் கெடுக்காது. மறுபடி பாலிஷ் அடிச்சதுன்னா மட்டும் உஷார், விலையும் விழும், தேய்க்கிறப்ப டாப்பையும் சேர்த்து மெலிய விட்டிருக்கலாம். ஆனா வாசிக்க மட்டும் வாங்குறவங்களுக்கு அதுவே நல்ல பேரமாகவும் அமையும்.

வீட்டுக்கு வந்தப்புறம்

இந்த லேசான கட்டுமானத்துக்கு நம்ம ஊர் காத்து பெரிய சோதனை. பெரும்பாலும் 45லேர்ந்து 50 சதவீத ஈரப்பதத்துல கட்டியிருப்பாங்க, சென்னை மாதிரி கடலோர ஊர்ல 70, 80னு சாதாரணமா போகும், டாப் ஊறி எழும்பி ஆக்‌ஷன் ஏறிடும், சத்தம் போர்வை போத்தின மாதிரி ஆகும். ராத்திரி முழுக்க ஏசி ஓடுற ரூம்ல வெளிய வெச்சா மறுபடி காயும், இந்த ஏத்த இறக்கம்தான் மரத்தைப் படுத்துது. கேஸுக்குள்ள ஈரப்பதம் காட்டுற ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரும், ஈரத்தை உறிஞ்சவும் விடவும் செய்யுற டூ-வே பாக்கெட்டும் போட்டு, வாசிக்காத நேரம் கேஸ்லயே வெச்சுடுங்க. சுவத்துல மாட்டி அழகு பாக்காதீங்க. வெயில்ல நிறுத்தின கார்ல பத்து நிமிஷம்கூட விட்டுட்டுப் போகாதீங்க, சூட்டுல பசை இளகி பிரிட்ஜ் கழண்டு வந்துடலாம்.

ஸ்ட்ரிங் லைட் கேஜ், அதாவது முதல் ஸ்ட்ரிங் 0.012 இன்ச்லேர்ந்து ஆரம்பிக்கிறது போடுங்க, லூத்தியரைக் கேக்காம அதைவிட தடியான மீடியம் ஏத்தாதீங்க. பழைய சத்தத்துக்கு 80/20 பிரான்ஸ் ஸ்ட்ரிங் போட்டுப் பாருங்க, இன்னைக்கு எல்லாரும் போடுற ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் 1970கள்ல வந்தது. முதல் மூணு மாசம் தினமும் அரை மணி நேரமாவது பலமா வாசிங்க, எல்லா ஃப்ரெட்லயும், எல்லா கீலயும். என் இப்போதைய ஓஎம் வந்த புதுசுல ஜி ஸ்ட்ரிங் மட்டும் கொஞ்சம் ஊமையா இருந்துச்சு, லூத்தியருக்கு எழுதினேன், மழைக்காலம் முடியட்டும் அதுவரைக்கும் வாசிங்கன்னு மட்டும் பதில் வந்துச்சு, தை மாசம் ஒரு காலையில கேஸைத் திறந்து ட்யூன் பண்றேன், ஜி ஸ்ட்ரிங் வாயைத் திறந்துடுச்சு.